இருட்டு உலகப் புரட்டு

அமெரிக்கா தேசத்தில் "சூப்பர் ஹீரோ" என்று சொல்லப்படும் அதிவீரர்களைப் பற்றிய படக்கதைப் புஸ்தகங்கள் 1938-ம் வருஷம் முதல் கூட்டங்கூட்டமாய் அச்சாகி வருகின்றன. ஆகாயத்தில் பறப்பவன், மின்னலைப்போல் ஓடுபவன், சிலந்தியைப்போல் சுவரில் ஏறுபவன் ஆகிய இவர்களெல்லாம் ஆதியில் சிறு பிள்ளைகளின் பொழுதுபோக்குக்காக உண்டாக்கப்பட்டவர்கள். இன்றோ பெரியவர்களும் பணங்கொடுத்து சினிமாக் கொட்டகையிலும், வீட்டுத் திரையிலும், கைப்பேசியிலும் இவர்களைப் பார்த்து வருகிறார்கள். நமது ஊர்ப் பிள்ளைகளின் சட்டையிலும் பள்ளிக்கூடப் பையிலுங்கூட இவர்களுடைய உருவங்களைக் காண்கிறோம். ஆகவே இக்கதைகள் என்ன சொல்லுகின்றன என்று விசாரிப்பது வீண் வேலையாகாது.

இக்கதைகளில் ஒரு தனி வகை உண்டு. நமது உலகத்தைப் போலவே வேறு உலகங்கள் பல இருக்கின்றனவாம். அவற்றில் சில இருண்ட உலகங்களாம். அங்கே எல்லாம் கெட்டுப் போயிருக்குமாம். காப்பாற்ற வேண்டியவனே கழுத்தை நெரிப்பானாம். 1961-ல் "ஃபிளாஷ்" என்னும் ஓட்டக்கார வீரனின் கதையில் பூமிகள் இரண்டு உண்டு என்று ஆரம்பித்தார்கள். 1964-ல் மூன்றாவது பூமி ஒன்றைக் காட்டினார்கள். அந்தப் பூமியில் அதிபலம் படைத்தவர்கள் அத்தனை பேரும் கொள்ளைக்காரர்கள். கொலம்பஸ் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்து ஐரோப்பாவைக் கண்டுபிடித்தானாம். ஜனாதிபதி பூத் என்பவரை லிங்கன் என்னும் நடிகன் சுட்டுக் கொன்றானாம். அது வரையில் அது ஒரு வேடிக்கை. பிற்பாடு வந்தவைகளோ வேடிக்கையல்ல, அவை உபதேசம்.

அக்கதைகள் பயங்கரமாயிருக்கின்றன என்பதற்காக நாம் ஆட்சேபிக்கவில்லை. துன்பக் கதையே கூடாது என்று சொல்லுகிறவர்களல்ல நாம். அந்த உலகம் ஏன் இருண்டது என்பதற்கு அவர்கள் சொல்லும் காரணம் இருக்கிறதே, அதைப் பற்றியதே நமது ஆட்சேபணையெல்லாம். பேர்போன கதைகளில் பலவற்றை எடுத்து வைத்துப் பார்த்தால், உலகம் கெட்டதற்குக் காரணம் கொடுங்கோலனல்ல, பேராசைக்காரனல்ல, யுத்தத்தில் லாபமடித்தவனுமல்ல. பின் யாரென்றால், நடந்துபோன ஓர் அநீதியைத் திருத்த வேண்டுமென்று நினைத்தவன்தான்!

மூன்று கதைகள்

உதாரணமாக 1995-ல் வந்த "ஏஜ் ஆஃப் அபோகாலிப்ஸ்" என்னும் கதையைப் பாருங்கள். சேவியர் என்னும் ஆசிரியருடைய மகன், தன் தகப்பனாருடைய நல்ல நோக்கம் நிறைவேற வேண்டுமென்று ஆசைப்பட்டு, காலத்தில் பின்னோக்கிப் போய், தடையாயிருந்த பகைவனைக் கொல்ல முயலுகிறான். தகப்பன் குறுக்கே விழுந்து இறந்து போகிறார். அவ்வளவுதான். அந்த ஒரு மனிதர் இல்லாததால் அபோகாலிப்ஸ் என்னும் கொடியவன் கையில் தேசம் சிக்கி, ஜனங்கள் ஆயிரக்கணக்கில் அறுக்கப்படுகிறார்கள்.

2011-ல் வந்த "ஃபிளாஷ்பாயிண்ட்" என்பது இதைவிட மோசம். ஓட்டக்கார வீரனுடைய தாயாரை அவன் சிறு பிள்ளையாயிருந்த போது ஒரு பாதகன் கொன்றுவிடுகிறான். வளர்ந்த பிள்ளை காலத்தில் பின்னோக்கி ஓடி அந்தக் கொலையைத் தடுக்கிறான். தாயைக் காப்பாற்றிய இந்தக் குற்றத்திற்காக மேற்கு ஐரோப்பா கடலில் மூழ்குகிறது. இங்கிலாந்து வேற்றார் வசமாகிறது. உலகமே அழியும் தறுவாயில் நிற்கிறது. முடிவில் அவன் அழுதுகொண்டே தான் செய்ததைத் தானே அழித்துவிட்டு, தாய் கொலையாகும்படி விட்டுவிட வேண்டியதாகிறது.

2021-ல் வீட்டுத் திரையில் வந்த "வாட் இஃப்" தொடரின் நாலாவது கதையிலும் இதே பாட்டுத்தான். டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் என்னும் மந்திரக்காரன், மோட்டார் விபத்தில் இறந்த தன் காதலியைப் பிழைப்பிக்கப் பார்க்கிறான். "அவள் சாவு மாற்றக்கூடாத நிலையான புள்ளி" என்று அவனுக்குச் சொல்லப்படுகிறது. அவன் கேட்கவில்லை. அதனால் அவனுடைய பிரபஞ்சம் முழுவதும் கரைந்து ஒன்றுமில்லாமல் போகிறது.

தோழர்களே! யோசித்துப் பாருங்கள். இதற்குப் பெயர் என்ன? "நடந்ததெல்லாம் நடக்க வேண்டியதே, அதில் கை வைக்காதே, கை வைத்தால் இதைவிடக் கெட்டது வரும்" என்பதற்கு நம் நாட்டில் என்ன பெயர்? தலைவிதி என்று பெயர். கிழிந்துபோன அந்தப் பழைய தலைவிதிக்குத்தான் பளபளப்பான புதுச் சட்டை மாட்டி, ராக்கெட்டில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். சட்டை புதிதே தவிர உள்ளே இருக்கும் உடம்பு பழையதே.

"காலத்தில் பின்னோக்கிப் போவது வேறு, இன்றைய அநீதியை இன்று திருத்துவது வேறு. இரண்டையும் ஏன் குழப்புகிறீர்கள்?" என்று ஒரு புத்திசாலி கேட்கலாம். வேறுதான். ஆனால் கதை கேட்டவன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவது அந்தக் கால யந்திரத்தையல்ல, அக்கதையின் நீதியைத்தான். யந்திரம் கொட்டகையோடு நின்றுவிடுகிறது. "துணிந்து மாற்றப் போனவன் உலகத்தைக் கெடுத்தான்" என்ற நீதி மாத்திரம் பிள்ளையின் மனதில் குடியேறி விடுகிறது.

ஜனங்கள் எங்கே?

இன்னொரு அக்கிரமத்தையும் கவனியுங்கள். 2013-ல் விளையாட்டாகவும் படக்கதையாகவும் வந்த "இன்ஜஸ்டிஸ்" என்பதில், ஜோக்கர் என்னும் கிறுக்கன் செய்த சூழ்ச்சியால் சூப்பர்மேன் தன் கர்ப்பிணி மனைவியைத் தன் கையாலேயே கொன்றுவிடுகிறான். நகரமும் அணுகுண்டால் அழிகிறது. உடனே அவன் ஜோக்கரைக் கொன்று, உலகம் முழுவதற்கும் சர்வாதிகாரியாகி விடுகிறான். ஒருவனுடைய மனைவி இறந்தால் அவன் ஒருவனுக்குத் துக்கம், அது நியாயம். ஆனால் அவனுடைய துக்கத்திற்காக உலகத்திலுள்ள சகல ஜனங்களும் அடிமையாக வேண்டும் என்பது எந்த ஊர்க் கணக்கு?

சரி, அடிமையான ஜனங்கள் எப்படி விடுதலையாகிறார்கள்? அவர்களா எழுந்தார்கள்? அவர்களா கூடினார்கள்? இல்லை. வேறு உலகத்திலிருந்து "நல்ல சூப்பர்மேன்" ஒருவன் வரவழைக்கப்பட்டு, கெட்ட சூப்பர்மேனை அடித்து வீழ்த்துகிறான். அதாவது கெட்டவன் ஒருவனால் அழிவு, நல்லவன் ஒருவனால் மீட்பு. இவ்விருவர் நடுவில் கோடானுகோடி ஜனங்கள் புழுவைப்போல் கிடந்து, விழும் கட்டடங்களுக்குக் கீழே நசுங்குவதைத் தவிர வேறு வேலையில்லை. "அதர்மம் ஓங்கும்போது ஒருவன் அவதாரம் செய்து காப்பான்" என்று காத்திருக்கச் சொன்ன கதைகளுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இதில் கருடன் இல்லை என்பதைத் தவிர வேறொன்றும் நமக்குத் தெரியவில்லை.

நியாயமான கேள்வி என்னவென்றால், "சூப்பர்மேன் கெட்டவனாகிவிட்டால் என்ன செய்வது?" என்பதல்ல, "ஒரே ஒருவன் கெட்டால் உலகம் கெடும்படியான அவ்வளவு பலத்தை, கேள்வி கேட்பாரில்லாமல், அவன் கையில் ஏன் விட்டோம்?" என்பதேயாகும். முதல் கேள்வியைக் கேட்டால் நல்ல எஜமானனைத் தேட வேண்டி வரும். இரண்டாவதைக் கேட்டால் எஜமானனே எதற்கு என்று தோன்றும். ஆனதினாலேதான் முதற்கேள்வியை நூறு கதைகளில் கேட்கிறார்கள். இரண்டாவதை அபூர்வமாய்க் கேட்கிறார்கள்.

யாருக்கு லாபம்?

உலகம் அழிந்ததால் கதையிலுள்ளவர்களுக்கு நஷ்டம், கம்பெனிக்காரர்களுக்கு நஷ்டமில்லை. 1995-ல் சேவியருடைய உலகம் இருண்டபோது, அந்த வீரர்களின் மாதப் புஸ்தகங்கள் நாலு மாதத்திற்கு வேறு பெயருடனும் ஒன்று என்ற புது இலக்கத்துடனும் கடைக்கு வந்தன. பிறகு உலகம் பழையபடியாயிற்று, புஸ்தகங்களும் பழையபடியாயின. 2011-ல் தாயைக் காப்பாற்றிய பிள்ளை தண்டனையடைந்து முடிந்ததும், அதே கம்பெனி தன் கடையையே திருப்பி வைத்து, 52 புஸ்தகங்களை முதல் இலக்கமிட்டு விற்க ஆரம்பித்தது. தாயின் சாவு பிள்ளைக்கு விதி. கம்பெனிக்கோ புதுக் கணக்கு!

இந்த வியாபாரத்தில் ஒரு தந்திரமும் இருக்கிறது. கொட்டகையை விட்டு வெளியே வருகிறவன், "அப்பாடா! நம் உலகம் அவ்வளவு மோசமில்லை" என்று பெருமூச்சு விடுகிறான். கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரையை நரகப் படத்தில் எழுதிக் காட்டியவர்களின் நோக்கமும் இதுதானே? மேலுலக எண்ணெயைப் பார்த்துப் பயந்தவன் கீழுலகப் பசியைப் பற்றிக் கேட்க மாட்டான். இவ்விருட்டு உலகங்கள் எதிலிருந்து பிறந்தன என்பதை 2017-ல் "டார்க் நைட்ஸ்: மெட்டல்" என்னும் கதையில் அவர்களே சொல்லிவிட்டார்கள்: மனிதர்களுடைய பயத்திலிருந்து பிறந்தனவாம். நாமும் அதைத்தான் சொல்லுகிறோம்.

விஞ்ஞானத்தின் பேரால்

"பல உலகங்கள் உண்டென்று விஞ்ஞானமே சொல்லிவிட்டது" என்று சிலர் இதற்கு முட்டுக்கொடுக்க வருகிறார்கள். 1957-ல் ஹியூ எவரெட் என்னும் அமெரிக்கர், அணுவுக்குள் நடக்கும் காரியங்களை விளக்கும் கணக்கிற்கு ஓர் அர்த்தம் சொன்னார். அதன்படி, நடக்கக்கூடியவை அனைத்தும் பிரிந்து பிரிந்து தனித்தனியே நடந்து வருகின்றன என்று கொள்ளலாம். அதை ஏற்பவர்களும் உண்டு, மறுப்பவர்களும் உண்டு, வாதம் இன்னும் தீரவில்லை. ஆனால் அந்தக் கணக்கில் எங்கும், ஒரு கிளை நல்ல உலகம், மறு கிளை கெட்ட உலகம் என்று எழுதியிருக்கவில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஆள் தாண்டிப் போவதற்கும் அதில் இடமில்லை. தாயைக் காப்பாற்றினால் கண்டம் மூழ்கும் என்ற தண்டனைச் சட்டமும் அதில் கிடையாது. கணக்கைக் காட்டிக் கதையை விற்பது, டாக்டர் சீட்டைக் காட்டி மந்திரத் தாயத்து விற்பது போன்றதேயாகும்.

எச்சரிக்கையும் பயமுறுத்தலும்

இவ்வகைக் கதைகள் எல்லாமே புரட்டு என்று நாம் சொல்ல வரவில்லை. எச்சரிக்கை என்பது வேறு. பயமுறுத்தல் என்பது வேறு. எச்சரிக்கிறவன், "இந்த வழியில் குழி இருக்கிறது, இன்னின்னார் வெட்டினார்கள், இப்படிப் போ" என்பான். பயமுறுத்துகிறவன், "பேய் இருக்கிறது, நகராதே" என்பான். முன்னவன் காரணத்தைக் காட்டுகிறான், பின்னவன் மறைக்கிறான். இந்தத் தராசில் வைத்தால் சில கதைகள் யோக்கியமாகவே நிற்கின்றன.

1981-ல் வந்த "டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்" என்ற கதையில் 2013-ம் வருஷத்து அமெரிக்கா இருண்டு கிடக்கிறது. எதனால்? ஒரு வீரனுக்குக் கோபம் வந்ததாலல்ல. ஓர் அரசியல்வாதி கொலையுண்டு போக, அதைச் சாக்காக வைத்து, பிறப்பால் மாறுபட்ட ஒரு கூட்டத்தாரை அடக்க யந்திரங்கள் ஏவப்பட்டு, அந்த யந்திரங்களே எஜமானர்களாகி, ஜனங்களை முகாம்களில் அடைத்ததால். காலத்தில் பின்னோக்கி வந்து அந்தக் கொலையைத் தடுக்கிறார்கள். தடுத்ததற்காக உலகம் மூழ்கவில்லை. அப்படியிருந்தும், அதே யந்திரங்களைச் செய்ய சர்க்கார் ரகசியமாய் ஏற்பாடு செய்வதோடுதான் கதை முடிகிறது. அதாவது ஓர் ஆளைக் காப்பாற்றினால் மட்டும் போதாது, துவேஷமும் சட்டமும் உள்ளவரை ஆபத்து உண்டு என்கிறது. இது எச்சரிக்கை.

1985-ல் துவங்கிய "ஸ்குவாட்ரன் சுப்ரீம்" என்பதும் அப்படியே. வீரர்கள் பசியையும் குற்றத்தையும் ஒழிப்பதற்காக என்று தேசத்தின் ஆட்சியையே எடுத்துக் கொள்ளுகிறார்கள். குற்றவாளியின் மனதை மாற்றும் யந்திரம் ஒன்றும் செய்கிறார்கள். சீக்கிரத்தில் அவர்களில் ஒருவனே, தன்னை விரும்பாத பெண்ணைத் தன்னை விரும்பும்படி செய்ய அந்த யந்திரத்தை உபயோகிக்கிறான். பசியை ஒழிக்க நினைத்தது தப்பு என்று அக்கதை சொல்லவில்லை. ஜனங்களைக் கேட்காமல் ஜனங்களுக்கு நன்மை செய்ய வந்தவனிடம் அந்த நன்மை எவ்வளவு நாள் தங்கும் என்றே கேட்கிறது.

1995-ல் வந்த "ரூயின்ஸ்" என்னும் இரண்டு பாகக் கதை எல்லாவற்றிலும் இருட்டானது. 1962-ல் உண்டாக்கப்பட்ட இரண்டு வீரர்களில் ஒருவனுக்குக் கதிரியக்கம் ஏறிய சிலந்தி கடித்ததாலும், மற்றவனுக்கு அணுகுண்டுச் சோதனையில் கதிர்பட்டதாலும் அதிபலம் வந்தது என்பது பழைய கதை. "ரூயின்ஸ்" உலகத்திலோ கதிர்பட்டவனுக்குக் கட்டி வருகிறது. கடிபட்டவனுக்கு நோய் வருகிறது. இதில் நிஜம் எது? அமெரிக்காவில் ஆரஞ்சு என்னும் ஊரில் கடிகார முகங்களுக்கு ரேடியம் வர்ணம் பூசிய பெண்கள், தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கியதால் தாடை அழுகி இறந்தார்கள். மீந்தவர்களில் வழக்காடியவர்களுக்கு 1928-ல்தான் ஈடு கிடைத்தது. 1945 ஆகஸ்டு 6-ந் தேதி ஹிரோஷிமாவில் கதிர்பட்ட யாரும் பறக்கவில்லை. ஆகவே "நல்ல" உலகக் கதை பொய் சொன்ன இடத்தில் இந்த இருட்டுக் கதைதான் உண்மை சொன்னது. ஆனால் அதுவும் காரணத்தைக் காட்டிவிட்டு, "எல்லாம் வீண்" என்று கையை விரித்து விடுகிறது. நோயைச் சொன்னவன் வைத்தியத்தைச் சொல்லாமல் சுடுகாட்டுக்கு வழி காட்டுவது போலத்தான் அது.

2023-ல் வந்த ஒரு சிலந்திவீரன் சினிமாவில், "உன் தகப்பனார் சாவது விதிக்கப்பட்டது, தடுத்தால் உலகம் சிதையும்" என்று நூற்றுக்கணக்கான சிலந்திவீரர்கள் கூடி ஒரு பையனுக்கு உபதேசம் செய்கிறார்கள். அந்தப் பையன் மைல்ஸ், "என் கதையை எனக்கு நீங்கள் சொல்ல வேண்டாம்" என்ற துணிவோடு அவர்களை விட்டு ஓடுகிறான். பெரியவர்களுக்கு வராத புத்தி ஒரு பையனுக்காவது வந்ததே என்று சந்தோஷப்படுகிறோம்.

நடந்த கதை

கற்பனையை விட்டு நடந்ததைப் பார்ப்போம். அம்மை நோய் ஆயிரக்கணக்கான வருஷங்களாக மனிதரைக் கொன்றது. அது தெய்வத்தின் விளையாட்டு, அதில் கை வைத்தால் கோபம் அதிகமாகும் என்று சொன்னவர்கள் நம் நாட்டிலும் இருந்தார்கள், பிற நாட்டிலும் இருந்தார்கள். 1796-ல் ஜென்னர் என்பவர் கை வைத்தார். அதன்பின் ஊர் ஊராய், வீடு வீடாய்ப் பெயர் தெரியாத ஆயிரமாயிரம் பேர் ஊசியும் கையுமாய் அலைந்தார்கள். பெரியம்மை ஒழிந்ததென்று 1980-ல் உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. எத்தனை தாய்மார்கள் பிழைத்தார்கள்! எந்தக் கண்டம் மூழ்கிற்று? எந்தப் பிரபஞ்சம் கரைந்தது?

இன்னொன்று சொல்லுகிறோம். முதல் அதிவீரனான சூப்பர்மேனைக் கற்பனை செய்தவர்கள் ஜெர்ரி சீகல், ஜோ ஷுஸ்டர் என்னும் இரண்டு ஏழை வாலிபர்கள். 1938-ல் அவனுடைய சகல உரிமையும் 130 டாலருக்குக் கம்பெனியின் கைக்குப் போயிற்று. 1947-ல் கோர்ட்டுக்குப் போனார்கள், உரிமை திரும்பவில்லை, புஸ்தகத்திலிருந்து அவர்கள் பெயரும் எடுக்கப்பட்டது. அவன் பேரில் பணம் மழையாய்ப் பொழிந்த காலத்தில், ஷுஸ்டர் பார்வை மங்கியும், சீகல் சொற்பச் சம்பளத்திற்கு உழைத்தும் காலந்தள்ளினார்கள். நிஜமான இருட்டு உலகம் இதுதான். பறந்து வந்து காப்பாற்ற அவர்கள் உண்டாக்கிய வீரன் வந்தானா?

வரவில்லை. 1975-ல் சீகல் தனக்கு நேர்ந்த அநீதியைப் பகிரங்கமாய் எழுதினார். நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் என்னும் சித்திரக்காரர்கள் முன்னின்றார்கள். மற்றச் சித்திரக்காரர்களும் பத்திரிகைகளும் சேர்ந்து கூச்சல் போட்டார்கள். பெருஞ்செலவில் சூப்பர்மேன் சினிமா எடுக்க ஏற்பாடு நடந்துகொண்டிருந்த சமயம், கம்பெனிக்கு வெட்கமாயிற்று. அவ்வருஷம் டிசம்பரில் இருவருக்கும் வருஷத்திற்கு 20,000 டாலர் வீதம் கொடுக்கவும், பெயரைத் திரும்பப் போடவும் சம்மதித்தது. அவர்கள் இழந்ததற்கு இது ஈடாகாது என்பது வாஸ்தவம். ஆனாலும் 37 வருஷத்திய அநீதியில் மனிதர்கள் கை வைத்தார்கள்; அது அசைந்தது. கோட்டு, முகமூடி, இறக்கை ஒன்றுமில்லாத சாதாரண மனிதர்கள்தான் அசைத்தார்கள்.

ஆகவே தோழர்களே! இப்படக்கதைகளைப் படிக்காதீர்கள் என்றோ, பிள்ளைகளிடமிருந்து பிடுங்கிக் கொளுத்துங்கள் என்றோ நாம் சொல்லவில்லை. பிடுங்குவது பயமுறுத்துகிறவர்களின் வேலை. பிள்ளைகளோடு நீங்களும் உட்கார்ந்து பாருங்கள். பார்த்து முடிந்ததும் மூன்றே மூன்று கேள்வி கேளுங்கள். அந்த உலகம் கெட்டதற்கு உண்மையான காரணம் யார்? அது கெடும்போது அங்கிருந்த ஜனங்கள் எங்கே போனார்கள்? "மாற்றாதே" என்று சொன்னதால் யாருக்கு லாபம்? இம்மூன்றுக்கும் பதில் சொல்லுகிற கதை நல்ல கதை. அதைக் காசு கொடுத்தே வாங்குங்கள். பதில் சொல்லாமல் இருட்டை மட்டும் காட்டுகிற கதை எந்தக் கம்பெனி அச்சடித்ததானாலும் தலைவிதிப் புராணமே என்று தெரிந்து கொள்ளுங்கள்.

வேறு உலகத்திலிருந்து நமக்கு ஒருவனும் வரப்போவதில்லை. இருப்பது இந்த ஓர் உலகந்தான். இதில் இருட்டாயிருக்கிற இடங்களில் விளக்கேற்றுவதால் ஒரு கடலும் பொங்கிவிடாது.